குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்கா? ஊதச் சொன்ன நிமிடத்திலிருந்து லைசென்ஸ் கைக்கு வரும் வரை

தமிழ்நாட்டில் டிரங்க் அண்ட் டிரைவ் கேஸில் முதல் தடவையாகச் சிக்கியவர்களுக்கும், நள்ளிரவில் போன் வந்து ஸ்டேஷனுக்கு ஓடும் குடும்பத்தாருக்கும் இந்தக் கட்டுரை. பத்தாயிரம் ரூபாய் கட்டினால் முடிந்தது என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அபராதம் முதல் பாதி மட்டுமே. மறுபாதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இருக்கிறது, அதைக் கவனிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

சட்டம் சுருக்கமாக இது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்து, வண்டி ஓட்டினாலோ ஓட்ட முயன்றாலோ குற்றம். முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை 2 வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019 செப்டம்பர் 1 முதல் இந்தத் தொகைதான். பைக், கார், ஆட்டோ, லாரி எல்லாவற்றுக்கும் ஒரே தொகை. போதைப்பொருள் என்றால் அளவுக்கோடு எதுவும் கிடையாது. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தாரா என்பதே கேள்வி.

30 மில்லிகிராம் என்பது எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் "ஒரு பெக்தான் போட்டேன்" என்பது தற்காப்பே ஆகாது. 70 கிலோ எடையுள்ள ஆணுக்குத் தோராயமான கணக்கு: 42.8 சதவீத சரக்கு 60 மில்லி குடித்தாலே ரத்தத்தில் சுமார் 40 வரும். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்று சுமார் 85. ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, சுமார் 130. உடம்பு மணிக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் இறக்கும். குவார்ட்டர் அடித்தவர் 30-க்குக் கீழே வர ஆறரை மணி நேரம் ஆகும். இரண்டு குவார்ட்டர் என்றால் சுமார் 15 மணி நேரம்: இரவு 10 மணிக்குக் குடித்தவர் மறுநாள் மதியம் 1 மணிக்குத்தான் எல்லைக்குள் வருவார். தூங்கி எழுந்து குளித்துவிட்டுக் காலை 8 மணிக்கு வேலைக்குக் கிளம்பி மாட்டிக்கொள்பவர்கள் இந்தக் கணக்கில்தான் விழுகிறார்கள். எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் அதே அளவுக்கு எண் இன்னும் கூடும். காபி, மோர், எலுமிச்சை, ஏலக்காய், பீடா எதுவும் ரத்தத்தில் இருப்பதைக் குறைக்காது.

1. ஊதச் சொல்லும்போது

வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடாதீர்கள். அந்த அவசரத்தில் விபத்தே நடந்துவிடலாம்.

சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி, நீங்கள் குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், பிரிவு 203-இன் கீழ் ஊதச் சொல்லலாம். மறுத்தால் தப்பலாம் என்று நண்பர்கள் சொல்வதை நம்பாதீர்கள். மறுத்து, அதிகாரிக்குச் சந்தேகமும் இருந்தால், வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். தக்க காரணம் இல்லாத மறுப்பை உங்களுக்கு எதிரான சூழ்நிலையாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளப் பிரிவு 205 இடம் தருகிறது. ஆஸ்துமா, நுரையீரல் பிரச்சினை என்று ஊத முடியாதவர்கள் வெறுமனே மறுக்காமல், "ஊத முடியவில்லை, ரத்தம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஸ்டேஷனில் அதையே எழுதிக் கொடுங்கள். பிறகு மருத்துவச் சான்றும் வேண்டும்.

ஊதுவதற்கு முன் பணிவாகக் கேட்க வேண்டியவை சில உண்டு. குழலைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் ஊதும் முன் கருவி காற்றில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். 2025-இல் கேரள உயர்நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்ததே, வெறுங்காற்றுச் சோதனையில் கருவி பூஜ்யத்துக்குப் பதிலாக வேறு எண் காட்டியிருந்ததால்தான். மௌத்வாஷ், ஆல்கஹால் கலந்த இருமல் மருந்து, ஹோமியோபதி சொட்டு மருந்து ஆகியவற்றில் எதையாவது சற்றுமுன் எடுத்திருந்தால் அதை உடனே சொல்லி, வாய் கொப்பளித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊத அனுமதி கேளுங்கள். வாயில் தங்கிய ஆல்கஹால் அதற்குள் போய்விடும். ரத்தத்தில் இருப்பது போகாது. இரண்டு எண்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் வந்தால் அதுவே பின்னால் உங்களுக்குப் பெரிய சாட்சி.

எண்ணைக் கண்ணால் பாருங்கள். "45 பர்சென்ட் காட்டுது" என்று சொல்வார்கள். அது சதவீதம் அல்ல, 100 மில்லி ரத்தத்துக்கு 45 மில்லிகிராம் என்ற பொருள். சில கருவிகள் ஒரு லிட்டர் மூச்சுக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும். அந்த அளவுகோலில் எல்லை சுமார் 0.14. அலகைக் குறித்துக்கொள்ளாமல் எண்ணை மட்டும் நினைவில் வைத்துப் பிறகு வக்கீலிடம் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டு பொறிகள். முதலாவது பணம். பிரிவு 185 குற்றத்தைச் சாலையிலேயே சமரசக் கட்டணம் வாங்கி முடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. அந்த அதிகாரத்தைத் தரும் பிரிவு 200-இன் பட்டியலில் 185 கிடையாது. ரசீது இல்லாமல் கொடுக்கும் பணம் அபராதம் ஆகாது, வழக்கும் அதனால் முடியாது. லஞ்சம் கொடுத்த குற்றம் தனியாகச் சேரும். இரண்டாவது வாய்த்தகராறு. வெறும் 185 ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அதிகாரியைத் தள்ளினாலோ சட்டையைப் பிடித்தாலோ பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 132 சேர்ந்துவிடும். அது ஜாமீனில் விட முடியாத பிரிவு. கெட்ட வார்த்தைக்கு 296, மிரட்டலுக்கு 351 என்று எப்.ஐ.ஆர். நீளும். வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர் ரிமாண்டில் போவது இப்படித்தான். உடன் வந்த நண்பர்கள் சத்தம் போட்டாலும் இதே கதிதான், அவர்களை முதலில் அமைதிப்படுத்துங்கள்.

உடன் வந்தவர்களுக்கும் ஆபத்து உண்டு. பிரிவு 188, குற்றத்துக்குத் துணைபோனவருக்கும் அதே தண்டனை என்கிறது. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, குடித்தவர் ஓட்டும் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருபவர் மீதும் வழக்குப் போடப்படும் என்று அறிவித்தது.

2. கைது என்றால்: கடிகாரத்தைப் பாருங்கள்

கைதான நேரத்தைப் போனில் உடனே குறித்து வையுங்கள். வீட்டுக்கு அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் செய்தியே போதும், அதில் நேரம் தானாகப் பதிவாகிவிடும். பிரிவு 202 சொல்வது: 185-இன் கீழ் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரின் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும்.

இதைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் மிக அதிகம். 2 மணி நேரம் தாண்டினால் உங்களை அடைத்து வைக்க முடியாது என்பதே அந்த வரியின் பொருள். வழக்கு தானாகச் செத்துப்போகும் என்று அதில் எங்கும் இல்லை. தாமதத்தை விசாரணையில் வாதமாக வைக்கலாம், அவ்வளவுதான்.

ஸ்டேஷனில் மறுபடி ஒருமுறை மூச்சுச் சோதனைக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று பிரிவு 203 சொல்கிறது. சாலையில் வந்த எண்ணில் சந்தேகம் இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் வேறு கருவியில். எண் எல்லைக்குப் பக்கத்தில், 30-இலிருந்து 45 வரை இருப்பவர்களுக்கு இதுவும் ரத்தப் பரிசோதனையும் மிக முக்கியம். 130, 150 என்று வந்தவருக்கு மறுசோதனையால் பெரிய பயன் இருக்காது.

அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால் ட்யூட்டி டாக்டர் வாய் வாசனை, கண்மணி, பேச்சு, நடை பார்த்துச் சான்று எழுதுவார். மூன்று விதமாக எழுதுவார்கள்: மது அருந்தவில்லை; அருந்தியிருக்கிறார், ஆனால் அதன் போதையில் இல்லை; அருந்திப் போதையில் இருக்கிறார். நடுவில் உள்ளதைப் பார்த்துவிட்டுத் தப்பித்தோம் என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். 185 கேட்பது 30 என்ற எண்ணை; தள்ளாடினாரா என்பது அங்கே இரண்டாம் பட்சம். அதேபோல், வெறும் வாசனையை மட்டும் எழுதிய சான்றைக் கொண்டு உங்கள் ரத்தத்தில் 30-க்கு மேல் இருந்தது என்று நிரூபிக்கவும் முடியாது. ஆகவே ரத்தம் எடுத்தார்களா, இல்லையா என்பதைக் குறித்து வையுங்கள்.

பெண் ஒருவரிடம் ஆண் மருத்துவர் ரத்தம் எடுப்பதானால் இன்னொரு பெண் உடன் இருந்தாக வேண்டும். சூரியன் மறைந்து விடியும் வரை பெண்களைக் கைது செய்வதற்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு: விதிவிலக்கான சூழல் வேண்டும், பெண் அதிகாரி செய்ய வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும்.

கைதுக்கான காரணத்தைச் சொல்வதும், நீங்கள் சொல்லும் ஒருவருக்குத் தகவல் தருவதும், விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க விடுவதும் 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 47, 48, 38 ஆகிய பிரிவுகளில் இருக்கின்றன. ஜாமீன் பிரிவு 478. முதல் முறை 185 மட்டும் என்றால் ஸ்டேஷன் ஜாமீனே போதும், அது உரிமை. வீட்டிலிருந்து வருபவர் ஆதார், முகவரிச் சான்று, உங்கள் ஆர்.சி. நகல், இன்சூரன்ஸ் நகல் எடுத்து வரட்டும். வருபவர் குடித்திருக்கக் கூடாது. இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நள்ளிரவில் ஸ்டேஷனுக்கு ஓடி வருபவர் பெரும்பாலும் அதே பார்ட்டியில் இருந்த நண்பர்தான்.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதியதைப் படித்துவிட்டு, நேரத்தையும் உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

3. வண்டி

குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஒருவர் உடன் இருந்தால் வண்டியை அவரிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கேளுங்கள். 2021-இல் தெலங்கானா உயர்நீதிமன்றம் இதையே அங்குள்ள காவல்துறைக்கு உத்தரவாகச் சொன்னது: உடன் தெளிவானவர் இருந்தால் அவரிடம் கொடு, யாரும் இல்லையென்றால் உறவினரை அழைத்துக் கொடு, அதுவும் முடியாவிட்டால் மட்டும் பத்திரமாக எடுத்து வை. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது என்றாலும் வக்கீல் எடுத்துக்காட்டலாம்.

ஸ்டேஷனில் நிறுத்திவிட்டால், ஓடிய கிலோமீட்டர், ஏற்கெனவே இருக்கும் கீறல்கள், ஹெல்மெட், ஸ்டெப்னி, உள்ளே இருக்கும் பொருட்கள் எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டு வாருங்கள். எடுக்கப் போகும்போது ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தால் அதற்குத் தனி அபராதம் கிளம்பும். வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால் உரிமையாளரே வருவது சுலபம். சில இடங்களில் கோர்ட்டில் அபராதம் கட்டிய ரசீதைப் பார்த்துத்தான் வண்டியை விடுகிறார்கள், அதனால் வேலைக்கு வண்டி வேண்டியவர்கள் கோர்ட் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

4. கையில் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

சலான் அல்லது சம்மன். அதில் பிரிவு, தேதி, நேரம், இடம், கருவி காட்டிய எண், நீதிமன்றத்தின் பெயர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

கருவியிலிருந்து வந்த அச்சுச்சீட்டு. அசல் அவர்களிடம் இருக்கும், நகல் கேளுங்கள். தராவிட்டால் படமாவது எடுங்கள். கருவியின் வரிசை எண் அதில்தான் இருக்கும். வெப்பத்தாளில் அச்சான சீட்டு சில மாதத்தில் வெளுத்துவிடும், நகலெடுத்து வையுங்கள்.

லைசென்ஸை வாங்கிக்கொண்டால் அதற்கான தற்காலிக ஒப்புகைச் சீட்டு. இதைக் காட்டி வண்டி ஓட்டலாம் என்று நினைப்பது பெரிய தவறு. பிரிவு 206(4) கீழ் தரும் ஒப்புகை, லைசென்ஸ் திரும்பும் வரை ஓட்ட அனுமதி தராது என்று சட்டமே சொல்கிறது. டிஜிலாக்கரில் நகல் இருப்பதும் உதவாது, பதிவு லைசென்ஸ்களுக்கான அரசு இணையதளமான சாரதி தளத்தில் ஏறிவிடும்.

மருத்துவமனைச் சீட்டு, ரத்தம் எடுத்திருந்தால் எடுத்த நேரம், வண்டி ஒப்படைப்புச் சீட்டு ஆகியவையும் வேண்டும். வாங்கிய மருந்துகளின் ரசீது, ஓட்டல் பில், அந்த இரவின் போன் பதிவுகள் ஆகியவற்றை வழக்கு நடத்தப் போகிறீர்கள் என்றால் மட்டும் தேடுங்கள்.

5. ஒப்புக்கொண்டு கட்டுவதா, வழக்கு நடத்துவதா

கோபத்தில் முடிவெடுக்காதீர்கள். எண் தெளிவாக மேலே இருக்கிறது, சீட்டு சரியாக இருக்கிறது, இது முதல் தடவை, விபத்து இல்லை என்றால் பெரும்பாலோருக்கு ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதே நியாயமான வழி. ஒரே நாளில் முடியும். செலவு 10,000 ரூபாயும் அன்றைய கூலி இழப்பும். இதற்காக வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

ஆனால் ஒப்புக்கொள்வது என்றால் குற்றவாளி என்று தீர்ப்பாவது. அடுத்த முறை மாட்டினால் இரண்டாவது குற்றமாக எண்ணப்படுவதும், ஆர்.டி.ஓ.வில் உங்கள் வாதம் பலவீனமாவதும் இதனால்தான். ஒப்புக்கொண்டு பெற்ற தீர்ப்பில், தண்டனையின் அளவையும் சட்டபூர்வத் தன்மையையும் தவிர வேறு எதற்கும் மேல்முறையீடு எடுப்பது கடினம். "ஃபைன் கட்டினேன், கேஸ் இல்லை" என்று வேலைக்கான படிவத்தில் எழுதினால் அது பொய்த்தகவல் ஆகும்.

வழக்கு நடத்தத் தகுந்தவர்கள்: உண்மையிலேயே குடிக்காதவர்கள், எண் எல்லையை ஒட்டி இருப்பவர்கள், ஓட்டவே இல்லை என்பவர்கள், தொழிலே டிரைவர் வேலை என்பதால் லைசென்ஸ் போனால் பிழைப்பு போகும் என்பவர்கள், இது இரண்டாவது வழக்காக இருப்பவர்கள். இரண்டாவது முறை என்றால் வக்கீல் இல்லாமல் கோர்ட் படி ஏறாதீர்கள். அங்கே சிறைத்தண்டனை உண்மையான சாத்தியம்.

நடத்துவதன் விலையும் தெரிய வேண்டும். பல வாய்தாக்கள், மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில். வக்கீல் கட்டணத்தை மொத்தமாகவா, வாய்தாவுக்கு இவ்வளவா என்று முதலிலேயே பேசி எழுதி வாங்குங்கள். வக்காலத்து, முத்திரை, நகல் மனு, குமாஸ்தா செலவு அதற்குள் அடங்குமா என்றும் கேளுங்கள். வசதி இல்லாதவர்கள், பெண்கள், பட்டியலினத்தவர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், எண் 15100. நிலுவையில் இருக்கும் குற்ற வழக்கு பாஸ்போர்ட் எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் தடையாக நிற்கும், நீதிமன்ற அனுமதி கேட்க வேண்டி வரும். வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பும் நிலையில் இருப்பவர்கள் இதை முதலில் கணக்கில் எடுங்கள்.

6. எந்த வாதம் நிற்கும், எது நிற்காது

நிற்கக்கூடியவை எல்லாம் ஆவணத்தில் இருந்துதான் பிறக்கும். ஆகவே முதல் வேலை, குற்றப்பத்திரிகையையும் இணைப்புகளையும் வாங்குவது. போலீஸ் அறிக்கையின் மேல் நடக்கும் வழக்கில் இவற்றை இலவசமாக, நீங்கள் ஆஜராகி 14 நாளுக்குள் தர வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 230 சொல்கிறது. பிறகு நான்கு கேள்விகள்.

கருவி எப்படிப்பட்டது? மத்திய அரசு அறிவிக்கை மூலம் ஏற்ற வகையா, கடைசியாக எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது, சான்று இருக்கிறதா, அச்சுச்சீட்டின் தேதியும் நேரமும் எப்.ஐ.ஆருடன் ஒத்துப்போகிறதா. சீட்டில் 11.40, சலானில் 11.15 என்று இருந்தால் அதை விடாதீர்கள். கருவிக்குள் இருக்கும் மின்னணுப் பதிவைச் சாட்சியாக்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63-இன் சான்று தேவை என்பதையும் வக்கீல் எழுப்பலாம்.

ரத்தம் எப்படி எடுக்கப்பட்டது? ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் மாதிரியே கெடும். குப்பியில் சோடியம் புளோரைடு போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நுண்ணுயிர்களால் குப்பிக்குள்ளேயே ஆல்கஹால் உருவாகலாம், அல்லது குறையலாம். முத்திரை யார் வைத்தார்கள், எந்தத் தேதியில் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போனது, நடுவில் எங்கே இருந்தது என்ற சங்கிலியில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள்.

எண்ணே இல்லையா? மூச்சுச் சோதனையும் இல்லை, ரத்தமும் இல்லை, டாக்டர் சான்று மட்டும்தான் என்றால் அரசுத் தரப்பு பலவீனம். 1971-இல் உச்சநீதிமன்றம் பச்சுபாய் ஹசனல்லி கர்யானி வழக்கில், வாசனை, தடுமாறும் நடை, விரிந்த கண்மணி ஆகியவற்றை மட்டும் வைத்துக் குடிபோதை என்று முடிவுக்கு வர முடியாது என்றது. 50 வருடம் கடந்தும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு.

ஓட்டியது யார்? சட்டம் ஓட்டுவதையும் ஓட்ட முயல்வதையும் மட்டுமே தண்டிக்கிறது. நிறுத்திய காரின் பின்சீட்டில் தூங்கியவரை ஓட்டுநர் என்று சொல்ல அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். கடை வாசல், டோல், சிக்னல் கேமராப் பதிவுகள் சில வாரத்தில் அழிந்துவிடும், எழுத்து மூலம் உடனே கேளுங்கள்.

காலக்கெடுவும் ஒன்று உண்டு. முதல் முறைக் குற்றத்தின் உச்சத் தண்டனை 6 மாதம் என்பதால், 1 வருடத்துக்குள் எப்.ஐ.ஆர். பதிவாகியிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் புகார் தாக்கலாகியிருக்க வேண்டும். அந்தத் தேதியைச் சரிபாருங்கள்.

நிற்காதவை: "கொஞ்சம்தான் குடித்தேன்", "வீடு பக்கத்துத் தெருதான்", "தள்ளாடாமல் ஓட்டினேன்", "எல்லாரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் பிடித்தார்கள்". கடைசியில் சொன்னது உண்மையாகவே இருந்தாலும் 185-க்குப் பதில் ஆகாது.

7. கோர்ட் நாள்

சம்மனில் எழுதிய நீதிமன்றத்துக்கே போங்கள். நடமாடும் நீதிமன்றம் என்றால் அன்று எங்கே அமர்கிறது என்று முதல் நாளே விசாரியுங்கள். வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்கு, அதாவது இணையவழியில் நடக்கும் நீதிமன்றத்துக்கு, அனுப்பப்பட்டிருந்தால் மட்டும் இணையத்தில் கட்ட முடியும். அதன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால் தெரியும். காலை 10 மணிக்குள் இருங்கள், பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் நாள் வீண். ஆதாரும் பணமும் கையில் இருக்கட்டும், குடித்துவிட்டு வராதீர்கள். அபராத ரசீதில் வழக்கு எண் இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். வாசலில் "நான் முடித்துத் தருகிறேன்" என்று வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள். கோர்ட்டில் கட்டாத பணத்துக்கு வாரண்ட் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

வர முடியாத நாளில் வக்கீல் மூலம் மனு போடுங்கள். புதிய நடைமுறைச் சட்டத்தில் அது பிரிவு 355, கோர்ட் வளாகத்தில் இன்னும் "317 பெட்டிஷன்" என்றுதான் பேச்சு. சொல்லாமல் விட்டால் பிடியாணை வரும். வந்துவிட்டால் ஒளிய வேண்டாம், வக்கீலோடு ஆஜராகி, பிடியாணையைத் திரும்பப் பெறக் கேட்கும் ரீகால் மனு போட்டால் முதல் முறையில் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

8. லைசென்ஸ்: அபராதம் கட்டிய பின் தொடங்கும் வேலை

போலீஸ் அனுப்பிய லைசென்ஸ், அதைக் கொடுத்த ஆர்.டி.ஓ.வுக்குப் போகும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 19-இன் கீழ் உங்கள் தரப்பைக் கேட்ட பிறகே ஆணை போடலாம். முதல் முறை 3 மாதம் தகுதி நீக்கம், இரண்டாவது முறை லைசென்ஸே ரத்து.

பெரிய பொறி முகவரி. நோட்டீஸ் லைசென்ஸில் உள்ள முகவரிக்குப் போகும். ஊர் மாறி வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது கிடைக்காது, ஒருதலையாக ஆணை வந்துவிடும், அது தெரியாமல் ஓட்டிக்கொண்டே இருப்பார். தகுதி நீக்கக் காலத்தில் ஓட்டினால் பிரிவு 182: 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். ஆகவே கோர்ட் வேலை முடிந்த வாரமே நீங்களாக ஆர்.டி.ஓ. அலுவலகம் போய், லைசென்ஸ் வந்ததா, கோப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேளுங்கள், இப்போதைய முகவரியை எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

விளக்கக் கடிதம் ஒரு பக்கம் போதும். குடிக்கவில்லை என்றால் அதற்கான ஆதாரம். குடித்தது உண்மை என்றால் முதல் முறை, விபத்து இல்லை, ஓட்டுவதுதான் வாழ்வாதாரம் என்பதற்கான சான்றுகள், அதாவது முதலாளியின் கடிதம், பேட்ஜ் நகல். அதிகாரி உங்களை விடுவிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் ஆதாரமில்லாத கெஞ்சலுக்கு அது நடக்காது.

ஆணை வந்த தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு. உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அதிலுள்ள தபால் முத்திரைதான் ஆணை உங்களுக்கு எப்போது கிடைத்தது என்பதற்குச் சாட்சி. லைசென்ஸ் உங்கள் கையில் இருந்தால் ஆணை வந்த உடனே ஒப்படைத்து, ஒப்படைத்த தேதியோடு ரசீது வாங்குங்கள். எந்த நாள் வரை ஓட்டக் கூடாது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். காலம் முடிந்ததும் லைசென்ஸ் தானாக வீட்டுக்கு வராது. அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் புத்தாக்கப் பயிற்சி முடித்த சான்றோடு நீங்கள் போய்த்தான் வாங்க வேண்டும். அந்தப் பயிற்சியை மூன்றாவது மாதத்திலேயே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தகுதி நீக்கம் முடிந்தும் ஓட்ட முடியாமல் வாரங்கள் போகும்.

9. விபத்து நடந்திருந்தால்

இது வேறு வழக்கு. மேலே சொன்ன சிக்கன யோசனைகளை மறந்துவிட்டு உடனே கிரிமினல் வக்கீலைப் பாருங்கள். அதற்கும் முன்னால், அடிபட்டவரை மருத்துவமனையில் சேருங்கள், 108-ஐ அழையுங்கள், ஓடாதீர்கள். பிரிவு 134 அதைக் கடமையாக்குகிறது. இதில் சட்டத்தைவிட ஓர் உயிர் பெரிது.

கொடுங்காயம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 125(பி), 3 வருடம் வரை. உயிர் போனால் 106(1), 5 வருடம் வரை. குடித்து ஓட்டினால் ஆள் சாகலாம் என்று தெரிந்தே ஓட்டினார் என்று 105-ஐப் போட்டால் 10 வருடம் வரை, அது ஜாமீனில் விட முடியாத குற்றம். மும்பை கார்ட்டர் சாலையில் 2006-இல் நடைபாதையில் தூங்கிய 7 தொழிலாளர்கள் இறந்த வழக்கில், இந்த வகைக் குற்றத்துக்கான பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் பிரிவு 304 இரண்டாம் பகுதியின் கீழ் வந்த தண்டனையை 2012-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. ஓட்டியவரை மாற்றிச் சொல்லி வேறொருவரை முன்னிறுத்தும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். போன் டவர், கேமரா, சீட்டில் உள்ள ரத்தம் எல்லாம் காட்டிக்கொடுக்கும், சொன்னவரும் சேர்ந்து உள்ளே போவார்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுங்கள், உண்மையை மட்டும். உங்கள் வண்டியின் சேதத்துக்கு, போதையில் ஓட்டியது தெரிந்தால் கிளெய்ம் கிடைக்காது. மூச்சுச் சோதனையோ ரத்தப் பரிசோதனையோ நடக்காவிட்டாலும் மற்ற சூழ்நிலைகளை வைத்துக் கம்பெனி போதையை நிரூபிக்கலாம் என்று 2021-இல் இஃப்கோ டோக்கியோ, பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அடிபட்டவருக்கான இழப்பீட்டைக் கம்பெனி முதலில் கட்டிவிட்டு வண்டி உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க உத்தரவு வரலாம். வண்டியை இரவல் கொடுத்த அப்பாவுக்கோ நண்பருக்கோ லட்சக்கணக்கில் நோட்டீஸ் வருவது அப்படித்தான். ஓட்டியவர் 18 வயது நிரம்பாதவர் என்றால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 199ஏ-இன் கீழ் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்தும் உண்டு.

10. எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் நாளில்

இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நிலுவை பூஜ்யமா என்று பாருங்கள். கோர்ட்டில் கட்டியும் தளத்தில் மாறாமல் இருப்பது உண்டு. அப்போது ரசீது நகலோடு அந்தப் போக்குவரத்துக் காவல் நிலையத்தில் மனு கொடுங்கள். சாரதி தளத்தில் லைசென்ஸ் நிலை செயலில் இருப்பதாகக் காட்டும் வரை அட்டை கையில் இருந்தாலும் ஓட்ட வேண்டாம். தீர்ப்பின் சான்றிட்ட நகல் ஒன்றும், அபராத ரசீதும், ஆர்.டி.ஓ. ஆணையும் ஒரே கவரில் போட்டு வீட்டில் வையுங்கள். பாஸ்போர்ட்டுக்கோ வேலைக்கோ போலீஸ் விசாரணை வரும்போது மூன்றையும் கேட்பார்கள்.